விடுமுறை ஹக்கத்தோன் ஏற்பாட்டுக் குழுவுக்கு: எந்தப் பிள்ளையளுக்காக காசு சேர்க்கிறமோ அந்தப் பிள்ளையள உள்ளுக்க எடுங்க

குழுவில இருக்கிற அண்ணாமார், அக்காமார், தம்பிமார், வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற எங்கட ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும்,

எங்கட விடுமுறை ஹக்கத்தோனுக்கு, அதாவது பிள்ளையள் டீம் டீமா ஒரே இடத்தில இருந்து கொம்பியூட்டர் புரோகிராம் எழுதி தருமத்துக்கு காசு சேர்க்கிற நிகழ்ச்சிக்கு, போன கிழமை நீங்க வட்ஸ்அப்பில போட்ட அறிவித்தல மூண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் வாசிக்கேக்க வேற ஏதோ போட்டிட அறிவித்தல் மாறி வந்திட்டுது எண்டு தான் நினைச்சன். டிசம்பர் 27, 28 ரெண்டு நாளும் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில, ஒரு டீமுக்கு 7,500 ரூபா பதிவுக் காசு, ஆளாளுக்கு சொந்த லப்டொப் கட்டாயம், முதல் சுற்று ஒன்லைனில, கேள்வியும் பிரசன்டேசனும் இங்கிலீசில மட்டும். எல்லாத்துக்கும் கீழ, சேருற நிதி முழுக்க வெள்ளத்தில பாதிக்கப்பட்ட மாணவரிட கல்விக்கு எண்டு ஒரு வரி. அந்த வரிக்குப் பக்கத்தில போன வருசம் எடுத்த படம். படத்தில நடுவில நிக்கிறது வெருகல் பக்கத்துப் பிள்ளை ஒண்டு. அந்தப் பிள்ளைக்கு இந்த வருசம் வர ஏலாது, நீங்க போட்ட நிபந்தனையில ஒண்டைக்கூட அவவால நிறைவேத்த ஏலாது. அவட படத்தப் போட்டு காசு சேர்க்கிறம், அவவ உள்ளுக்க எடுக்க மாட்டம். கூட்டத்தில நான் இதச் சொன்னன், "பிறகு பார்ப்பம் சேர்" எண்டீங்க, அடுத்த நாளே பதிவையும் திறந்திட்டீங்க, இதுக்குப் பிறகும் என்னால வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாது, அதால தான் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதுறன்.

வெளிநாட்டில இருக்கிற ஆக்களுக்கு என்னத் தெரியாம இருக்கலாம். நான் திருமலை டவுனில ஐசிடி, அதாவது தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்கு டியூசன் குடுக்கிறன். 2022 டிசம்பரில இந்த ஹக்கத்தோன் முதல் முதல் நடந்தது என்ட டியூசன் கொட்டிலில தான். 2022 எப்பிடி இருந்தது எண்டு மறந்திருக்க மாட்டீங்க, பெட்ரோல் லைன், காஸ் லைன், மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு, பேப்பர் இல்லையெண்டு மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட வருசம். டிசம்பர் ஆகேக்க அடுத்த வருசத்துக்கு கொப்பி வாங்கோணும், விலை கேட்டிட்டு கடை வாசலோடயே திரும்பிப் போன தாய்மார நான் என்ட கண்ணால கண்டன். அப்ப என்ட பழைய மாணவன் ஒருத்தன் வெளிநாட்டில இருந்து கதைக்கேக்க சொன்னான், "சேர், இஞ்ச நடைபவனி வைச்சு ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு எண்டு காசு சேர்ப்பாங்க, நாங்க ஏன் கோடிங்க வைச்சு அப்பிடிச் செய்யக்கூடாது" எண்டு. அவ்வளவு தான் தொடக்கம். செவரில ஒரு பெரிய பேப்பர் ஒட்டி, செய்து முடிக்க வேண்டிய வேலைய ஒண்டு ஒண்டா எழுதினம். பள்ளிக்கூட லைப்ரரிக்கு புத்தகக் கணக்கு, கடைக்கு கடன் கொப்பி மாதிரி ஒரு சின்ன புரோகிராம், மாட்டுப் பால் சேர்க்கிற இடத்துக்கு லீற்றர் கணக்கு, இப்பிடி. ஒரு டீம் ஒரு வேலைய முடிச்சு, இன்னொரு டீம் அத சோதிச்சுப் பார்த்து சரியெண்டா, அந்த வேலைக்குப் பொறுப்பெடுத்த ஆள் டொரொன்டோவிலயோ லண்டனிலயோ சிட்னியிலயோ இருந்து சொன்ன காசப் போடுவார். பிள்ளை ஒரு பிழையத் திருத்தினா இன்னொரு பிள்ளைக்கு கொப்பி. இத பிள்ளையளுக்கு விளங்கப்படுத்த ஒரு நிமிசம் கூடத் தேவைப்படல்ல.

அந்த முதல் ராத்திரி எனக்கு இன்னும் கண்ணுக்க நிக்குது. வெளிய மாரி மழை, கரண்ட் போய்ப் போய் வருது, யூபிஎஸ் கத்துது, பழைய கொம்பியூட்டர் 11, அதில ரெண்டு இடையிலயே செத்துப்போச்சு, ஒரு மெசினுக்கு மூண்டு பேர், ஒருத்தர் அடிக்க ஒருத்தர் பார்க்க ஒருத்தர் பேப்பரில எழுத, ரெண்டு தாய்மார் இடியப்பமும் சொதியும் கொண்டந்து வைச்சிட்டுப் போனாங்க. விடிய நாலரை அஞ்சு மணியிருக்கும், திருவெம்பாவைக் காலம், சங்கு ஊதி பாடிக்கொண்டு தெருவால வாறாங்க, அந்த நேரம் கடைசிப் பிழையும் சரி வந்து பிள்ளையள் கத்தின கத்தில பாடிக்கொண்டு வந்த பெரியவர் ஒருத்தர் உள்ளுக்க எட்டிப் பார்த்து என்னடா நடக்குது எண்டு கேட்டார். ரீசேட் இல்ல, மேடை இல்ல, செலவெண்டா சாப்பாடும் டேட்டாவும் மட்டும். வந்த காசெல்லாம் கொப்பியாப் போச்சு, கடை பில்லையும் அதே செவரில ஒட்டினன்.

ஆர் ஆர் வந்தாங்க எண்டதையும் சொல்லோணும். டவுன் பிள்ளையள், கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம், மூண்டாவது வருசம் கந்தளாயில இருந்து சிங்களப் பொடியன்மார் ரெண்டு பேர். அவங்களுக்கு தமிழ் அரைகுறை, எங்கட பிள்ளையளுக்கு சிங்களம் அரைகுறை, ஆனா திரையில சிவப்புக் கோட்டில பிழை காட்டேக்க ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில தலையில கை வைப்பாங்க. இந்த மாவட்டத்தில தமிழ், முஸ்லிம், சிங்களம் எண்டு மூண்டு சனமும் ஒரே மேசையில இருந்து ஒரு வேலைய முடிக்கிற இடம் எத்தின இருக்கு எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

இப்ப நீங்க சொல்லுற காரணத்துக்கு வாறன். "ஸ்டாண்டட் உயரோணும் சேர்" எண்டு சொல்லுறீங்க. அந்த ஸ்டாண்டட் எங்கயிருந்து வந்தது எண்டத ரெண்டு பிள்ளையளிட கதையில சொல்லுறன், ரெண்டும் உங்கட கண்ணுக்கு முன்னால நடந்தது தான்.

மூதூர்ப் பொடியன் ஒருத்தன். அவன்ட மாமா கொமினிகேசன் கடை வைச்சிருக்கிறார், பின்னேரத்தில இவன் தான் அங்க டைப் அடிக்கிறது. ரெண்டாவது வருசம் எங்களுக்கு ஒரு பாடசாலையில இருந்து பிள்ளையளிட பேர்ப்பட்டியல் வந்தது, எல்லாம் பாமினி எழுத்துருவில அடிச்சது. அத நாங்க புரோகிராமுக்க போட்டா தமிழ் எழுத்து ஒண்டும் வராது, "தமிழ்" எண்ட சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில ஒரு அரைப்புள்ளி எண்டு தான் விழும், ஏனெண்டா பாமினி உள்ளுக்க இங்கிலீஸ் எழுத்தத் தான் வைச்சிருக்கு, மேல தமிழ் உருவம் மட்டும் தான் போர்த்தியிருக்கு. கம்பஸ் முடிச்ச ரெண்டு மென்டர்மார் அன்டைக்கு முழுக்க கையால அடிப்பம் எண்டு முடிவெடுத்திட்டாங்க. இவன் தான் சொன்னான், "சேர், இது ஒரு அட்டவணை போட்டா மாறும், ஆனா கொம்பு தான் பிரச்சினை". அவன் சொன்னது சரி. பாமினியில "கெ" அடிக்கேக்க கொம்பு முதல் வரும், "க" பிறகு வரும், கண்ணுக்குத் தெரியிற ஒழுங்கு அது. இப்ப போனிலயும் இணையத்திலயும் பாவிக்கிற பொது எழுத்து முறையான யூனிகோடில அது தலைகீழ், "க" முதல், கொம்பு பிறகு. "கொ" எண்டா இன்னும் சிக்கல், கொம்பு ஒரு பக்கம், அரவு (ா) ஒரு பக்கம், ரெண்டையும் சேர்த்து ஒண்டாக்கி பின்னால போடோணும். இது அவனுக்கு எப்பிடித் தெரியும்? மாமாட கடையில வருசக்கணக்கா ரெண்டு விதமாயும் அடிச்ச கை அது. விடிய மூண்டு மணிக்கு அந்த எழுத்து மாத்திற புரோகிராம் வேலை செய்தது, பேர்ப்பட்டியல் முழுக்க ஒரு நொடியில தமிழா மாறி வந்திச்சு. அவன்ட வீட்டில லப்டொப் இல்ல. இங்கிலீசில பேசச் சொன்னா அவன்ட வாய் ஒட்டிப் போகும். உங்கட இந்த வருச நிபந்தனைப்படி அவன் வாசல் படி கூட ஏற ஏலாது.

மற்றது அந்தப் படத்தில நிக்கிற பிள்ளை. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மகாவலி பெருகி, மாவிலாறு கட்டு உடைச்சு, மூதூர், சேருவில, வெருகல் பக்கமெல்லாம் தண்ணிக்க கிடந்ததே, அந்த நேரம் அவட குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில முகாமில இருந்தது. ஒரு மாசம் கழிச்சு ஹக்கத்தோனுக்கு வந்தா, பாடப்புத்தகம் ஒண்டுமில்ல, போட்டிருந்த சட்டையே ஆரோ குடுத்தது. என்ன செய்யப் போறீங்க எண்டு டீம் டீமாக் கேட்டுக்கொண்டு வரேக்க டவுன் பிள்ளையள் நன்கொடை அப், வரைபடம், சட்பொட் எண்டெல்லாம் சொல்லிச்சினம். அவ சொன்னது இது: "சேர், முகாமில சோத்துப் பார்சல் நாளுக்கு நாலு தரம் வந்தது, சாப்பிட ஆளில்லாம கொட்டினம். ஆனா சின்னப் பிள்ளைக்கு பால்மா வரல்ல, பொம்பிளைப் பிள்ளையளுக்கு நப்கின் வரல்ல, அத வந்த அண்ணாமாரிட்ட கேக்கவும் வெக்கம். என்ன தேவை எண்டத வெளியில இருக்கிற ஆக்களுக்கு சொல்ல ஒரு வழி வேணும்." இத ஒரு பதினாறு வயசுப் பிள்ளை எழும்பி நிண்டு சொன்னப்ப அந்தக் கொட்டிலில ஒருத்தரும் பேசல்ல, உங்களில ரெண்டு பேர் பக்கத்தில நிண்டீங்க, ஞாபகம் இருக்கும்.

அவட டீம் செய்தது முகாமில இருந்து சாதா மெசேஜில தேவையச் சொல்லுற ஒரு வழி, அது பெரிய விசயமெண்டு நான் இண்டைக்கும் சொல்லுவன். நடுவரா வந்தவர் கேட்டார் ஏன் வட்ஸ்அப்பில செய்யல்ல எண்டு. முகாமில சிக்னல் ஒரு கோடு தான் இருக்கும், டேட்டா போகாது, சார்ஜ் போட வழியில்ல, ஆனா பட்டன் போனில சாதா மெசேஜ் போகும் எண்டு அவ சொன்னா. பிறகு அதிலயும் ஒரு சிக்கல் வந்தது. இங்கிலீஸ் மெசேஜ் எண்டா ஒண்டில 160 எழுத்து போகும், தமிழ் எண்டா 70 தான், அதிலயும் கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணுப்படும். "திருகோணமலை" எண்ட பேர் எங்களுக்கு ஆறு எழுத்து, போனுக்கு அது பத்து. அப்ப தமிழில "எங்கட முகாமுக்கு பால்மா தேவை" எண்டு தொடங்கி விவரமா எழுதப் போனா மெசேஜ் ரெண்டா மூண்டா உடையும், காசு ரெண்டு மூண்டு மடங்கு போகும். அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி இலக்கம். 1 குடிதண்ணி, 2 பால்மா, 3 நப்கின், 4 மருந்து, 5 காஞ்ச உடுப்பு. முகாம் இலக்கம், பொருள் இலக்கம், எத்தின பேருக்கு, அவ்வளவு தான், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கூட அனுப்பலாம், கூச்சப்படத் தேவையுமில்ல ஏனெண்டா 3 எண்டு தான் போகும். வாற மெசேஜ ஒரு பழைய அன்ட்ராய்ட் போனில சேர்த்து, ஃபைலா எடுத்து, பைத்தன் எண்ட புரோகிராம் மொழியில எண்ணி, எந்த முகாமுக்கு என்ன குறைவு எண்டு ஒரு பேப்பரில அடிச்சு எடுக்கலாம். ஏசி ரூமில இருந்து யோசிக்கிற ஆளுக்கு இந்த "3" மனசில வந்திருக்குமா? எனக்கு வந்திருக்காது, நான் முகாமில இருந்து வந்தவன், இருந்தும் எனக்கு வரல்ல.

ஓம், நானும் முகாமில இருந்தவன் தான். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, போயா. எனக்கு ஒன்பது வயசு, நிலாவெளி. அந்தக் காலைய நான் இஞ்ச எழுத வரல்ல, திருமலையில அத ஆருக்கும் சொல்லித் தெரியத் தேவையில்ல. பிறகு வந்த நாட்கள் தான் எனக்கு இந்த வேலைக்கு காரணம். பள்ளிக்கூட ஹோலில இருக்கிறம், ஒவ்வொரு நாளும் ஒரு நிறுவனம் வரும், ஒவ்வொண்டும் ஒரு பேப்பர் நீட்டும், அம்மா எங்கட ஆறு பேரிட பேரையும் வயசையும் முதல்ல இருந்து எழுதிக் குடுப்பா. நேத்து வந்தவங்களிட்ட இருக்கிற பட்டியல் இண்டைக்கு வந்தவங்களுக்குத் தெரியாது. எங்கட மாமா நாங்க உயிரோட இருக்கிறமா எண்டு தெரியாம முகாம் முகாமாப் போய் செவரில ஒட்டியிருந்த பேர வாசிச்சு வாசிச்சு எங்களத் தேடினவர், கண்டுபிடிக்க நாலு நாள் போச்சு.

படிக்கேக்க தான் எனக்குத் தெரிய வந்தது, அதே கிழமைகளில இதே நாட்டில கொஞ்சப் பேர் தங்கட வேலையையும் விடுமுறையையும் விட்டிட்டு இரவு பகலா இருந்து இதுக்கெண்டு ஒரு சொஃப்ட்வெயார் எழுதியிருக்கிறாங்க எண்டு. சஹானா எண்டு அதுக்குப் பேர், சிங்களத்தில நிவாரணம் எண்டு அர்த்தம். காணாமல் போனவரிட பதிவு, எந்த நிறுவனம் எங்க என்ன செய்யுது எண்ட பதிவு, முகாம் பதிவு, என்ன தேவை எண்ட பதிவு, அம்மா பேப்பர் பேப்பரா எழுதினாவே, அது எல்லாத்துக்கும் ஒரு இடம். அத இலவசமா எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. 2005ல பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006ல பிலிப்பைன்ஸ் மண்சரிவு, 2010ல ஹெயிட்டி நிலநடுக்கம், இவ்வளவு இடத்திலயும் அது பயன்பட்டிருக்கு. 2006ல கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப் பயனுக்கான விருத அதுக்குத் தான் குடுத்தது. எங்கட கரையில விழுந்த அடியில இருந்து பிறந்த ஒரு வேலை உலகத்துக்குப் போயிருக்கு. இத வாசிச்ச அண்டைக்கு நான் நிறைய நேரம் அழுதன். ஹக்கத்தோன ஏன் நத்தாருக்கும் புதுவருசத்துக்கும் இடையில வைக்கிறம், ஏன் 26ம் திகதி விளக்கு வைச்சிட்டு 27ம் திகதி வேலை தொடங்குறம் எண்டு புதுசா வந்த குழு ஆக்கள் கேட்டீங்க, இது தான் காரணம்.

விடுமுறையில செய்யிற வேலை சின்ன வேலை எண்டு ஆரும் நினைக்க வேண்டாம், நாங்க பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற பைத்தனே 1989 டிசம்பரில நத்தார் விடுமுறைக்கு ஒஃபீஸ் பூட்டியிருந்த நேரம் நெதர்லாந்தில கைடோ வான் ரொசம் எண்டவர் வீட்டில இருந்து பொழுதுபோக்காத் தொடங்கினது. ஹக்கத்தோன் எண்ட சொல்லுக்கும் ஒரு கதை இருக்கு, 1999ல கனடாட கல்கரியில ஓபன்பிஎஸ்டி எண்ட இலவச இயங்குதளத்த எழுதுற ஆக்கள் ஒரு இடத்தில கூடி இருந்து எழுதினது முதல் கூட்டங்களில ஒண்டு, அமெரிக்காட இரகசியக் குறியாக்க மென்பொருள் ஏற்றுமதிச் சட்டத்தில மாட்டாம இருக்க கனடாவில வைச்சாங்க, சேர்ந்திருந்து வேலைய முடிக்கத் தான் கூடினாங்க. ஸ்டாண்டட் எண்டு நீங்க சொல்லுற விசயத்தின்ட தொடக்கம் என்ட கொட்டிலுக்குக் கிட்ட தான் இருக்கு, ஹோட்டல் ஹோலுக்குக் கிட்ட இல்ல.

இங்கிலீஸ் பற்றி. இங்கிலீஸ் வேண்டாம் எண்டு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன், என்ட வகுப்பில ஒவ்வொரு நாளும் பத்து சொல் எழுதிப் போடுறன். ஆனா சாதாரண தரத்தில ஐசிடிய இந்தப் பிள்ளையள் தமிழில தான் படிக்கிறாங்க, தமிழில தான் பரீட்சை எழுதுறாங்க. பைத்தனில கட்டாயம் தெரிய வேண்டிய சொல் எல்லாம் சேர்த்து 35, அத ரெண்டு கிழமையில பிடிச்சிடுவாங்க, மாறிக்கு, அதாவது புரோகிராமுக்க ஒரு பெறுமதிய வைக்கிற இடத்துக்கு, தமிழிலயே பேர் வைச்சாலும் பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும். கொம்பியூட்டருக்கு தமிழ் பிரச்சினையில்ல. முகாமில நப்கின் இல்லாம பட்ட பாட ஒரு பிள்ளை தன்ட தாய்மொழியில சொல்லேக்க தான் அது உள்ளபடி வரும், அத இங்கிலீசில சொல்லு எண்டா அவ சொல்லாமலே இருந்திடுவா. அண்டைக்கு அவ பேசாம இருந்திருந்தா அந்த வேலையே பிறந்திருக்காது. பாதிக்கப்பட்டவங்கட வாயப் பூட்டி வைச்சிட்டு அவங்கட பிரச்சினைக்கு என்ன தீர்வு எழுதப் போறம்?

ஹோட்டல். டிசம்பரில உப்புவெளி, நிலாவெளியில சுற்றுலா சீசன் இல்ல, கடல் அடிக்கிற காலம், ஹோட்டல்காரர் பாதி விலைக்குத் தாறார் எண்டு கூட்டத்தில சொன்னீங்க. பாதி விலையும் விலை தான். அந்தப் பாதி விலை பில்லை நான் பார்த்தன், மேடை, லைட், பனர், ரீசேட் கொட்டேசனையும் பார்த்தன். முதல் வருசம் கொப்பி வாங்கின முழுக் காசையும் விட இது கூட. லண்டனில இரவு வேலை செய்து ஒரு தம்பி அனுப்புற காசில முதல் வெட்டு ஹோலுக்கும் லைட்டுக்கும் போய், மிச்சம் தான் வெருகல் பிள்ளையிட புத்தகத்துக்கு வருமெண்டா, அத அந்தத் தம்பிட்ட முதல்லயே சொல்லுறது தான் முறை. இதோட இன்னொண்டையும் சொல்லோணும், சொல்லக் கஷ்டமா இருக்கு. போன வருசக் கணக்கு இன்னும் வெளியில வரல்ல. புத்தகமும் பையும் ரெண்டு பாடசாலைக்குக் குடுத்தம், நானும் வண்டியில போனன், அது உண்மை. மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, மிச்சம் எவ்வளவு, அது எங்க கிடக்கு எண்டது குழுவில இருக்கிற எனக்கே தெரியாது. ஆரும் எடுத்தாங்க எண்டு நான் சொல்லல்ல, எனக்கு அந்தச் சந்தேகமும் இல்ல, உங்களில பாதிப் பேர் என்ட கையில படிச்ச பிள்ளையள். ஆனா தருமக் காசு, பில் செவரில ஒட்டுற வரைக்கும் அது எங்கட கையில பாரமாத் தான் இருக்கும்.

லப்டொப் விசயத்தில உங்கட கஷ்டமும் எனக்கு விளங்குது. போன வருசம் மெசின் காணாது, வயர் பிரச்சினை, நடு ராத்திரியில ஒரு ரவுட்டர் போய் எல்லாரும் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தம், வெளியில இருந்து பார்த்த ஸ்பொன்சர்மாருக்கு அது வடிவா இருந்திருக்காது. பொம்பிளைப் பிள்ளையள் இரவு தங்கிறதுக்கு கொட்டில் சரியான இடமில்ல எண்டும் சொன்னீங்க, அதில நீங்க சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் நாலு வருசமா அத சரியாச் செய்யல்ல, ரெண்டு தகப்பன்மார் அதால தான் பிள்ளைய அனுப்பாம விட்டவங்க. அதுக்குத் தேவை ஒரு பாதுகாப்பான தங்கிற இடமும் கூட நிக்க ரெண்டு டீச்சர்மாரும். அதுக்கு 7,500 ரூபாயும் இங்கிலீசும் என்ன செய்யும்? கூலிக்குப் போற, வலை இழுக்கிற தகப்பனுக்கு 7,500 ரூபா எத்தின நாள் உழைப்பு எண்டு நீங்களே கணக்குப் பாருங்க. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் போக முந்தி பாதை எண்ட மிதவைப் படகில ஏறி தண்ணியத் தாண்டோணும், பாதை வரும் வரைக்கும் வெயிலில நிக்கோணும். 2009ல கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு 396 மீற்றர், ரெண்டு நிமிசத்தில தாண்டி பிள்ளையள் டவுனுக்குப் படிக்க வந்தாங்க. அந்தப் பிள்ளையள் வந்து நிக்கிற வாசலில நாங்க புதுசா ஒரு காசு கட்டுற இடம் போடக்கூடாது.

ஆகவே நான் கேக்கிறது இவ்வளவும்.

7,500 ரூபாய எடுத்து விடுங்க, எல்லா டீமுக்கும். சர்வதேச பாடசாலை டீம்களிட்ட வாங்கி மற்றவங்களுக்கு இலவசம் எண்டு பிரிக்கவும் வேண்டாம், அப்பிடிப் பிரிச்சா ஆர் இலவசத்தில வந்த பிள்ளை எண்டது முதல் மணித்தியாலத்திலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும், பிள்ளையள் அதத் தாங்க மாட்டாங்க. கொடுக்க விரும்புற தாய் தகப்பன் செவரில இருக்கிற வேலைக்கு பொறுப்பெடுக்கட்டும், மற்ற ஆக்கள் மாதிரி.

கேள்விய தமிழ், சிங்களம், இங்கிலீஸ் மூண்டிலயும் குடுங்க, எந்த மொழியிலயும் விளங்கப்படுத்தலாம் எண்டு எழுத்தில போடுங்க. மொழிபெயர்க்கிற வேலைய நானும் என்ட பழைய மாணவர் நாலு பேரும் பொறுப்பெடுக்கிறம், கந்தளாய்ப் பொடியன்மார் சிங்களத்துக்கு ஓமெண்டு சொல்லிட்டாங்க. ஒன்லைன் முதல் சுற்ற நிப்பாட்டுங்க, வெருகலில சிக்னல் பிடிக்க வெட்டைக்குப் போற பிள்ளைக்கு அது போட்டியே இல்ல. அதுக்குப் பதிலா மூதூரிலயும் கிண்ணியாவிலயும் ஒவ்வொரு சனிக்கிழமை நாங்களே போய் பேப்பரில வைப்பம்.

சொந்த லப்டொப் எண்ட நிபந்தனை போகோணும். என்னிட்ட 14 மெசின் இருக்கு, எல்லாத்துக்கும் லினக்ஸ் எண்ட இலவச இயங்குதளம் போட்டு, ராம் மாத்தி, போன மாசமே சரி பார்த்து வைச்சிட்டன். இன்னும் பத்து மெசின் கிடைச்சா காணும், பாவிக்காம அலுமாரிக்க கிடக்கிற லப்டொப் உள்ள ஆக்கள் ரெண்டு நாளைக்கு இரவல் தாங்க, பேர் எழுதி கையெழுத்து வைச்சு எடுத்து அப்பிடியே திருப்பித் தருவன்.

இடத்துக்கு ஹோட்டல விட்டிட்டு டவுனில பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு பாடசாலை ஹோல் கேளுங்க, விடுமுறையில சும்மா தானே கிடக்கும். ஹோட்டலுக்கு ஒதுக்கின காசில ஒரு பகுதியில வெருகலில இருந்து மூதூர், கிண்ணியாவால வாற ஒரு பஸ் பிடியுங்க, பொம்பிளைப் பிள்ளையளுக்கு வேறயா தங்கிற இடமும் கூட நிக்க ரெண்டு டீச்சர்மாரும் ஒழுங்கு பண்ணுங்க. ரீசேட் வேண்டாம்.

போன வருசக் கணக்க இந்த வருசம் ஹக்கத்தோன் தொடங்க முதல் ரூபா சதம் விடாம வெளியில போடுங்க. இந்த வருசக் கணக்க தைப்பொங்கலுக்கு முதல். காசு தந்த ஆக்களும் பொருள் வாங்கின பாடசாலையும் ரெண்டு பகுதியும் பார்க்கிற மாதிரி.

குழுவில ஒன்பது பேர் இருக்கிறம், ஒன்பது பேரும் டவுனில அல்லது வெளிநாட்டில. மூதூர், வெருகல் பக்கத்தில இருந்து ரெண்டு பேர எடுங்க, ஒருத்தர் தாயா இருக்கட்டும். அடுத்த முறை எந்த வேலைய செவரில எழுதுறது எண்டத அவங்க முதல்ல சொல்லட்டும்.

அந்தப் படத்த, பிள்ளையிட்டயும் தாயிட்டயும் கேட்டுச் சம்மதம் வாங்கும் வரைக்கும் அறிவித்தலில இருந்து எடுங்க. இண்டைக்கே எடுங்க.

பதிவு டிசம்பர் 10ல முடியுது எண்டு போட்டிருக்கிறீங்க. 5ம் திகதிக்கு முதல் எனக்கு எழுத்தில பதில் வேணும், கூட்டத்தில வாயால சொல்லுறது காணாது. நீங்க மாத்திறீங்க எண்டா முந்தி மாதிரி ரெண்டு ராத்திரியும் கண் முழிச்சு உங்களோட நிப்பன், வயர் இழுக்கிறதில இருந்து தேத்தண்ணி ஊத்திற வரைக்கும். மாத்த ஏலாதெண்டா என்ட பேர குழுவில இருந்து எடுத்து விடுங்க, என்ட பேரச் சொல்லி காசு தந்த ஆக்களுக்கு காரணத்த நானே எழுதிப் போடுவன்.

நேத்து இரவு எட்டு மணிக்கு வெருகலில இருந்து அந்தப் பிள்ளை தாயிட போனில இருந்து ஒரு மெசேஜ் போட்டிருக்கு. "சேர், இந்த முறை நாங்க வரலாதா? அந்த இலக்கப் புரோகிராமில ஒரு பிழை இருக்கு, ஒரு முகாம் ரெண்டு தரம் அனுப்பினா ரெண்டு தரமும் எண்ணுது, அத திருத்தோணும்." நான் இன்னும் பதில் போடல்ல. அவவுக்கு என்ன சொல்லுறது எண்டு நீங்க எனக்கு எழுதுங்க.

இப்படிக்கு,
திருகோணமலையில இருந்து,
நாலு வருசமும் உங்களோட இருந்த ஐசிடி ஆசிரியன்